பத்துப் பரிமாணப் பந்தும் 1836 என்னும் எண்ணும்: தற்செயலா, தொடர்பா?

இளஞ்சேரன் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். உயர் பரிமாணப் பந்துகளின் கன அளவு பற்றி இரண்டு வாரங்களாகப் படித்துவருகிறேன். ஆரம் 1 என்று கொண்டு ஒவ்வொரு பரிமாணத்துக்கும் கன அளவைத் தாளில் எழுதிக்கொண்டே போனேன். கோட்டுத்துண்டுக்கு 2, வட்டத்துக்குப் பை, நாம் கையில் பிடிக்கும் பந்துக்கு 4.19, நான்காம் பரிமாணத்தில் 4.93, ஐந்தில் 5.26 என்று ஏறிய எண், ஆறில் 5.17, ஏழில் 4.72 என்று இறங்கத் தொடங்கி, பத்தில் 2.55 ஆகி, இருபதில் 0.026 என்று தேய்ந்துவிடுகிறது. இரட்டைப்படைப் பரிமாணங்களின் கன அளவுகளை மட்டும் சுழியத்திலிருந்து முடிவிலி வரை கூட்டினால், ஈ (e = 2.718…) என்னும் எண்ணின் பை அடுக்கு, அதாவது 23.1407 கிடைக்கிறது என்பதையும் கண்டேன். இவ்வளவு ஒழுங்கு இருக்கும் இடத்தில் இயற்கை எதையும் எழுதி வைக்காமல் விட்டிருக்குமா என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது.

பத்துப் பரிமாணப் பந்தின் கன அளவு பை⁵ ÷ 120. இதை 6-இன் காரணீயப் பெருக்கமான 720-ஆல் பெருக்கினால் 6பை⁵, அதாவது 1836.118 வருகிறது. புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப் போல் 1836.153 மடங்கு என்பது அளந்தறிந்த மதிப்பு. வேறுபாடு ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் கொள்ளும் இழைக் கோட்பாட்டில் மொத்தப் பரிமாணங்கள் பத்து என்பதும், அவற்றுள் சுருண்டு மறைந்திருப்பவை ஆறு என்பதும் நினைவுக்கு வந்தபோது, 10-உம் 6-உம் ஒரே சூத்திரத்தில் வந்து நிற்பதை என்னால் எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

என் கேள்விகள் இரண்டு. கன அளவு ஐந்தாம் பரிமாணத்தில் உச்சம் தொடுவதற்கு இயற்பியல் பொருள் ஏதேனும் உண்டா? 720 × பத்துப் பரிமாணப் பந்து என்ற இந்தப் பொருத்தம் வெறும் தற்செயலா, அல்லது யாரேனும் இதை முறையாக ஆராய்ந்திருக்கிறார்களா?

நிறைமதி

தங்கள் கேள்வி தெளிவாக இருக்கிறது. கணக்கும் சரியாக இருக்கிறது. உச்சம் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இரண்டாவது கேள்விக்கான விடையின் பாதி அதற்குள் இருக்கிறது.

ஒரு பரிமாணத்தில் பந்தின் கன அளவை அறிய, அதற்கு இரண்டு பரிமாணம் கீழே உள்ள பந்தின் கன அளவை எடுத்து, இரண்டு பையாலும் ஆரத்தின் இருபடியாலும் பெருக்கி, பரிமாண எண்ணால் வகுத்தால் போதும். ஆரம் 1 எனில் பெருக்கும் எண் 6.28 ÷ பரிமாணம். அது ஆறு வரை ஒன்றைவிடப் பெரியது, ஏழிலிருந்து சிறியது. ஏற்றமும் இறக்கமும் அவ்வளவுதான். இப்போது ஆரத்துக்குப் பதிலாக விட்டத்தை 1 என்று வைத்துக் கணக்கிடுங்கள்: 1, 0.785, 0.524, 0.308 என்று தொடக்கம் முதலே இறங்குமுகமாகத்தான் இருக்கும். ஆரத்தை 2 என்று வைத்தாலோ உச்சம் இருபத்து நான்காம் பரிமாணத்தை ஒட்டிப் போய்விடும். ஐந்து என்பது வெளியின் இயல்பு அன்று. நாம் கையில் எடுத்த அளவுகோலின் இயல்பு. நான்கு பரிமாணக் கன அளவின் அலகு நீளத்தின் நான்காம் அடுக்கு, ஐந்து பரிமாணக் கன அளவின் அலகு ஐந்தாம் அடுக்கு; அவற்றுள் எது பெரிது என்று கேட்பது, ஒரு முழம் பெரிதா ஒரு படி பெரிதா என்று கேட்பதைப் போன்றது.

இனி 1836. இந்தப் பொருத்தம் புதியதன்று. 1951-இல் ஃபிரெடரிக் லென்ஸ் என்பவர் பிசிக்கல் ரிவியூ இதழில் ஒரு சில வரிகளே கொண்ட குறிப்பாக இதை வெளியிட்டார். அவர் பந்தைப் பற்றியோ பரிமாணத்தைப் பற்றியோ பேசவில்லை. அன்றைய அளவீடு 1836.12 என்றும், பிழை வரம்பு 0.05 என்றும், 6பை⁵ அதனோடு ஒத்துப்போகிறது என்றும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைக்கு அந்தப் பொருத்தம் முழுமையானது. இன்றைய மதிப்பு 1836.152673426, பிழை வரம்பு கடைசி இரண்டு இலக்கங்களில் 32. லென்ஸின் எண் இதிலிருந்து 0.0346 விலகி நிற்கிறது, அதாவது பிழை வரம்பைப் போல் ஏறத்தாழப் பத்து இலட்சம் மடங்கு. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்று நீங்கள் எழுதிய அதே வேறுபாடுதான் இது. எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதே மாறுகிறது.

முதற்கட்டக் கணக்கு இது, நுட்பமான திருத்தங்கள் பிறகு வரும் என்று ஒருவர் வாதிடலாம். அந்த வாதத்தையும் ஏற்றுக்கொண்டு, 6பை⁵ என்பதை மட்டும் பாருங்கள். அது பத்துப் பரிமாணப் பந்தின் 720 மடங்கு என்பது உண்மை. அப்பந்தின் மேற்பரப்பு பை⁵ ÷ 12 ஆதலால், அந்த மேற்பரப்பின் 72 மடங்கு என்பதும் உண்மை. நான்கு பரிமாண வெளியில் அமைந்த கோளத்தின் பரப்பு 2பை². ஆறு பரிமாண வெளியில் அமைந்த கோளத்தின் பரப்பு பை³. இரண்டையும் பெருக்கி மும்மடங்காக்கினாலும் அதே 6பை⁵ வந்துவிடும். இந்தக் கடைசி வடிவத்தைப் பார்ப்பவருக்குக் கை சும்மா இராது. புரோட்டானுக்குள் உள்ள குவார்க்குகளுக்கு ‘நிறம்’ என்று பெயரிட்ட ஒரு பண்பு உண்டு; அதன் சமச்சீர்மையை விவரிக்கும் கணிதக் குலத்தின் (group) வடிவமே, பின்னே சொன்ன கோளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் முன்னே சொன்ன கோளம் ஒன்றைப் பொருத்திவைத்தது போன்றதுதான். முன்னே நிற்கும் மூன்றோ நிறங்களின் எண்ணிக்கை என்று சொல்லிவிடலாம்! இழைக் கோட்பாட்டுக் கதையைவிட இந்தக் கதை இன்னும் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே எண்ணுக்கு வைத்த இரண்டு பெயர்கள். எண் எந்தக் கதையையும் தேர்ந்தெடுக்கவில்லை.

கணக்காசிரியர்

நிறைமதி அவர்களின் கடைசிப் பத்தியைத் தொடர்ந்து, ஓர் எண்ணிக்கையை முன்வைக்க விரும்புகிறேன். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்பதால், தற்செயல் என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தே பயன்படுத்த வேண்டும் என்பது என் பழக்கம்.

கோளங்களின் பரப்பும் கன அளவும் பையின் அடுக்குகளும் சிறு முழு எண்களும் கலந்தவை. ஆகவே 2, 3, 5, பை ஆகிய நான்கின் அடுக்குகளை மட்டும் பெருக்கி உருவாக்கும் கோவைகளை எடுத்துக்கொள்வோம். 2-இன் அடுக்கு −5 முதல் 5 வரை, 3-இன் அடுக்கு −3 முதல் 3 வரை, 5-இன் அடுக்கு −2 முதல் 2 வரை, பையின் அடுக்கு −5 முதல் 5 வரை கால் கால் இடைவெளியில் என்று வைத்தால், 11 × 7 × 5 × 41 = 15,785 கோவைகள் அமைகின்றன. மடக்கை அளவில் அவை எவ்வாறு பரவியுள்ளன என்று பார்த்தால், 137 போன்ற ஓர் எண்ணுக்கு அருகில், ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் ஏறத்தாழ ஒரு கோவை என்ற வீதத்தில் அமைந்திருக்கும். எந்த எண்ணைக் கொடுத்தாலும் மூன்று இலக்கப் பொருத்தம் வீட்டு வாசலிலேயே கிடைக்கும் என்பது இதன் பொருள். இரண்டு கோவைகளைக் கூட்டவும் அனுமதித்துவிட்டால் இணைகளின் எண்ணிக்கை பன்னிரண்டு கோடியைத் தாண்டும். அப்போது பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் நெருக்கமான பொருத்தம் வராவிட்டால்தான் வியப்பு. மின்விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியின் (ஆல்பா) தலைகீழ் 137.035999, 4பை³ + பை² + பை என்பது 137.036304. இதிலுள்ள உறுப்புகளையும் கோளங்களின் பரப்புகளாகவும் அரைப் பரப்புகளாகவும் படிக்கலாம். கோவைகள் மிகுதியாக இருக்கும்போது இப்படிப்பட்டவை முளைத்துக்கொண்டே இருக்கும்.

இத்துறையில் பெரிதும் பேசப்பட்டது ஆர்மன்ட் வைலர் என்ற சுவிட்சர்லாந்துக் கணித அறிஞர் 1969-இல் அதே ஆல்பாவுக்குத் தந்த சூத்திரம். ஐந்து கலப்பெண் அச்சுகள் கொண்ட, அதாவது மெய்யெண்களில் பத்துப் பரிமாணம் கொண்ட வெளியில், சமச்சீர்மை மிக்க ஒரு பகுதியின் கன அளவை சீனக் கணித அறிஞர் ஹுவா லுவோகெங் முன்பே கணக்கிட்டிருந்தார். அது பை⁵ ÷ (16 × 120), அதாவது இளஞ்சேரன் எடுத்துக்கொண்ட அதே பத்துப் பரிமாணப் பந்தில் பதினாறில் ஒரு பங்கு. அதன் நான்காம் படி மூலத்தை எடுத்து, 9 ÷ (8பை⁴) என்பதால் பெருக்கினால் 1/137.03608 வருகிறது. அந்த ஆண்டில் ஏற்கப்பட்டிருந்த அளவீடு 137.03602, பிழை வரம்பு 0.00021. பொருத்தம் பிழை வரம்புக்குள் அழகாக உட்கார்ந்தது. 1971-இல் இயற்பியலாளரிடையே பெரும் பேச்சாகவும் ஆனது. இன்று பிழை வரம்பு 0.000000021 ஆகச் சுருங்கிவிட்டது, வைலரின் எண் அதைப் போல் சுமார் நாலாயிரம் மடங்கு தள்ளி நிற்கிறது. அதைவிட முக்கியமான குறை, அந்தக் கன அளவின் நான்காம் படி மூலம் ஏன் எலக்ட்ரானின் மின்னேற்றத்தோடு தொடர்புபட வேண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க இயற்பியல் காரணம் எதுவும் தரப்படவில்லை என்பதும், ஆரத்தை 1 என்று வைத்தே அந்த எண் வருகிறது என்பதும்.

இந்தச் சூத்திரத்தைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். சுருக்கினால் உள்ளே பை ÷ 120 என்பதன் நான்காம் படி மூலம் வருகிறது. பை ÷ 120 = 0.0261799. முதலில் ஒரு முறை இருபடி மூலம் எடுத்தேன்: 0.161802. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பொன் விகிதம் 1.618034 அல்லவா! அதில் பத்தில் ஒரு பங்கு இங்கே எப்படி வந்தது? எப்படியும் வரவில்லை, பையும் பொன் விகிதத்தின் இருபடியில் ஐந்தில் ஆறு பங்கும் ஐந்தாவது தசம இடத்தில்தான் வேறுபடுகின்றன என்பது நெடுநாளாகத் தெரிந்த ஒரு விபத்து. ஒரு தற்செயலைச் சரிபார்க்கப் போன வழியில் இன்னொரு தற்செயல் காலில் இடறியது.

சந்திரசேகரின் ஆய்வை 1935-இல் அவையில் எள்ளிப் பேசிய வானியலாளர் எடிங்டனும் இந்தக் குழியில் விழுந்தவரே. 16 × 17 ÷ 2 = 136 என்று காரணம் காட்டினார்; அளவீடு 137-ஐ நெருங்கியதும் ஒன்றைக் கூட்டிக்கொள்ளவும் ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

இளஞ்சேரன்

இருவருக்கும் மிக்க நன்றி. பத்து, ஆறு என்ற எண்கள் என்னை மயக்கிவிட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. நம் இராமானுசன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில், ஈ-யின் (பை × 58-இன் இருபடி மூலம்) அடுக்கு 24591257751.99999982 என்று ஏறத்தாழ முழு எண்ணாகவே வருவதைக் காட்டினார். அதைத் தற்செயல் என்று தள்ளியவர்கள் தவறியிருப்பார்கள் அல்லவா? அப்படியானால், கோளங்களின் வடிவியல் ஓர் இயற்பியல் எண்ணை உண்மையாகவே தீர்மானிக்கும் இடம் ஒன்றுகூட இல்லையா?

கயல்விழி

இராமானுசனின் எண்ணுக்குப் பின்னால் மட்டு வடிவங்கள் (modular forms) என்னும் சமச்சீர்மை மிக்க சார்புகளின் கோட்பாடு இருக்கிறது. அந்தக் கோட்பாடு, எண் முழு எண்ணை எவ்வளவு நெருங்கும் என்பதையும், எந்த அளவில் விலகும் என்பதையும், 58-ஐப் போல் வேறு எந்த எண்களுக்கு இது நடக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. 6பை⁵ அப்படி எதையும் சொல்வதில்லை; அது புரோட்டானுக்கு விடை தந்தபின், எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் அதைவிடக் கனமான மியூவானுக்கு என்ன எண் என்று கேட்டால் வாய் திறப்பதில்லை.

கோளங்கள் உண்மையாகவே வேலை செய்யும் இடங்கள் உண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு மின்னேற்றத்திலிருந்து புறப்படும் விசைக்கோடுகள் மூன்று பரிமாண வெளியில் ஒரு கோளப் பரப்பில் பரவுவதால்தான் விசை தூரத்தின் இருபடிக்கு ஏற்பக் குறைகிறது, அந்தப் பரப்பான 4பை சூத்திரத்தில் வந்து உட்காருகிறது. வெளிக்கு நான்கு பரிமாணம் இருந்தால் விசை முப்படிக்கு ஏற்பக் குறையும், 4பை இருந்த இடத்தில் 2பை² வரும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன், எலக்ட்ரானுக்கான டிராக்கின் குவாண்டம் சமன்பாடு சொல்வதைவிடச் சிறிதளவு மிகுதி. அந்த மிகுதியின் முதற்பகுதி ஆல்பா ÷ 2பை, அதாவது 0.00116 என்று ஜூலியன் ஷ்விங்கர் 1948-இல் கணக்கிட்டார். அது அவருடைய கல்லறைக் கல்லிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த 2பை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். எலக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்து தானே திரும்ப ஏற்றுக்கொள்ளும் நிகழ்வில், ஒளித்துகளின் உந்தம் எதுவாகவும் இருக்கலாம் என்பதால் நான்கு பரிமாண உந்த வெளி முழுவதிலும் தொகையீடு செய்கிறோம். எல்லாத் திசைகளையும் கூட்டும்போது நான்கு பரிமாணக் கோளத்தின் பரப்பான 2பை² வருகிறது. குவாண்டம் கணக்கின் விதிப்படி ஒவ்வொரு பரிமாணத்துக்கும் ஒரு 2பையால் வகுக்க வேண்டும். நான்கும் சேர்ந்து 16பை⁴. வகுத்தால் 1 ÷ 8பை². மின்னேற்றத்தின் இருபடி 4பை × ஆல்பா. பெருக்கினால் ஆல்பா ÷ 2பை. தொகையீட்டின் எஞ்சிய பகுதிகள் எளிய பின்னங்களாகி ஒன்றில் வந்து முடிகின்றன. இங்கே நான்கு பரிமாணக் கோளத்தை யாரும் தேடிப் பிடித்துப் பொருத்தவில்லை. அது கணக்கின் வழியில் தானாக நின்றது. அடுத்தடுத்த திருத்தங்களையும் அதே கோட்பாடு தருவதால், அளந்த மதிப்பான 0.00115965218 வரை படிப்படியாக நெருங்க முடிகிறது.

ஆனால் கவனியுங்கள், இதில் ஆல்பா உள்ளீடு. கோளம் அதைத் தீர்மானிக்கவில்லை. ஆல்பாவையே வடிவியலிலிருந்து பெற முறையாக முயன்ற வழி வேறு. கலுசா 1921-இல் ஐந்தாம் பரிமாணம் ஒன்றைச் சேர்த்தார். 1926-இல் ஆஸ்கர் கிளைன் அதைச் சிறு வட்டமாகச் சுருட்டி, அவ்வட்டத்தைச் சுற்றும் உந்தமே மின்னேற்றம் என்றும், ஆகவேதான் மின்னேற்றம் முழு எண் மடங்குகளில் வருகிறது என்றும் காட்டினார். வட்டத்தின் அளவு தெரிந்தால் ஆல்பா கிடைத்துவிடும். ஆனால் அளவு தெரியாது. ஆல்பாவைக் கொடுத்து அளவைப் பெற்றார்கள், அது சுமார் 10⁻³² மீட்டர். நிறைமதி அவர்கள் சொன்ன ஆரச் சிக்கல் இங்கேயும் வந்து நிற்பதைக் காணலாம்.

அந்த ஆரத்தை இயற்கையே தீர்மானிக்க வைக்க முடியுமா என்று 1984-இல் பிலிப் கேண்டலாஸும் ஸ்டீவன் வைன்பர்க்கும் முயன்றார்கள். கூடுதல் பரிமாணங்கள் ஓர் உயர் பரிமாணக் கோளமாகச் சுருண்டிருந்தால், கோளத்தைச் சுருக்கப் பார்க்கும் ஈர்ப்பும், கோளத்தில் வாழும் குவாண்டம் புலங்களின் வெற்றிட ஆற்றலும் ஏதோ ஓர் ஆரத்தில் சமநிலைக்கு வரும். அந்த ஆரத்திலிருந்து விசையின் வலிமை எண்ணாகவே வந்துவிடும். என் பார்வையில், கோள வடிவியலையும் அடிப்படை மாறிலியையும் இணைக்கும் நேர்மையான முயற்சி என்றால் இதுதான். விடை ஏற்கத்தக்க அளவில் வர வேண்டுமானால் மிகப் பெரிய எண்ணிக்கையில் பொருள் புலங்கள் தேவைப்பட்டன, ஆகவே அது நம் உலகத்தின் விவரிப்பாக நிலைக்கவில்லை. ஆயினும் எந்த இடத்தில் தோற்றது என்று சுட்டிக்காட்ட முடிகிறது.

இன்னொன்று. ஆல்பா ஒரே எண் அன்று. மிகத் தாழ்ந்த ஆற்றலில் அது 1/137.036, இசட் துகளின் நிறையான 91 கிகா எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஏறத்தாழ 1/128. வெறும் பையாலும் முழு எண்களாலும் ஆன சூத்திரம் இவற்றுள் எதைத் தருகிறது, ஏன் அதை மட்டும் தருகிறது? எலக்ட்ரானின் நிறை எவ்வளவு என்பதையும் பொறுத்தே தாழ் ஆற்றல் மதிப்பு அமைகிறது என்பதால், அந்த மதிப்பைத் தூய வடிவியல் நேரடியாகத் தரும் என்று எதிர்பார்க்கவே இடமில்லை. 1836-இன் நிலை இன்னும் சிக்கலானது: புரோட்டானின் நிறையில் குவார்க்குகளின் சொந்த நிறை நூற்றில் ஒரு பங்கு அளவே, மற்றது பெரும்பாலும் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான் புலங்களின் ஆற்றலும் குவார்க்குகளின் இயக்க ஆற்றலும், எலக்ட்ரானின் நிறையோ அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலத்தோடு அதற்குள்ள பிணைப்பால் வருவது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு ஊற்றுகளிலிருந்து வரும் நீரின் அளவுகளை வகுத்து, ஈவு ஏன் 6பை⁵ என்று கேட்கிறோம்.

இளஞ்சேரன்

விரிவான விளக்கத்துக்கு நன்றி. நிறைமதி அவர்கள் சொன்னபடி விட்டத்தை 1 என்று வைத்து மறுபடி கணக்கிட்டேன். பத்துப் பரிமாணப் பந்து 0.00249 ஆகிறது, 720-ஆல் பெருக்கினால் 1.793. அந்த எண்ணோடு பொருந்தும் மாறிலி எதையும் நான் தேடப்போவதில்லை. தாளின் மறுபக்கத்தில் ஷ்விங்கரின் தொகையீட்டைத் தொடங்கியிருக்கிறேன். திசைகளைக் கூட்டும் பகுதியில் 2பை² எனக்கும் வந்துவிட்டது, எஞ்சிய பின்னங்கள் ஒன்றில் முடியும் இடத்தில்தான் ஒரு பாதி எங்கோ தவறிப்போகிறது. அதைத் தனிக் கேள்வியாக நாளை பதிவிடுகிறேன்.